பிரிக்காத பொட்டலம்

என் அத்தையைப் பற்றி யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் முதலில் "பாவம், வெகுளி" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு "சரியான அழுத்தக்காரி" என்பார்கள். இரண்டு முடிவும் நான் சொன்ன அதே சங்கதிகளிலிருந்துதான் வரும். பிறந்தது முதல் அவளைப் பார்த்தவன் நான். அவள் போய்ச் சில வருஷம் ஆகிறது. இன்னும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அல்சூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தாள். மாமா ஆட்டோ ஓட்டினார். அத்தை அடுகோடிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டைகளை மேசைமேல் விரித்து, தையலைத் தடவி, பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. நான் போனால் "வா மருமவனே" என்று சொல்லும்போதே என் சட்டைப் பொத்தானை இழுத்துப் பார்ப்பாள். ஒரு இண்டர்வியூ அன்றைக்குக் காலையில் ஆசீர்வாதம் வாங்கப் போய், கழுத்துப் பொத்தான் அவள் கையோடு வந்துவிட்டது. "பாத்தியா, அங்க போய் விழாம இங்கியே விழுந்துச்சு" என்று சந்தோஷமாக ஊசி எடுத்தாள்.

இப்படி ஒரு பொத்தானை நம்பாதவள், வாழ்க்கையில் பெரிய விஷயம் எது வந்தாலும் நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ போட்டுக் கேட்பாள்.

பூ போட்டுக் கேட்பது எங்கள் ஜனங்களுக்குப் புதிதல்ல. வெள்ளை அரளியை ஒரு காகிதத்திலும் சிவப்பு அரளியை ஒரு காகிதத்திலும் ஒரே மாதிரி மடித்து, குலுக்கி, அம்மன் காலடியில் வைத்து, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் கொடுக்க, வீடு மாற்ற, வேலையை விட, எல்லாவற்றுக்கும் கேட்பதுண்டு. அத்தையின் விசேஷம் இதற்கு அப்புறம்தான். எடுத்த பொட்டலத்தை அவள் பிரிக்கவே மாட்டாள்.

இடுப்பில் செருகிக்கொள்வாள். மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் பிரிக்க விடமாட்டாள். பூசாரி அதை நேற்றைய மாலைகளோடு சேர்த்துக் கூடையில் போட்டாக வேண்டும். "நான் பாத்துச் சொல்லட்டுமாம்மா?" என்று அவர் ஒருமுறை கேட்டுவிட்டு, அவள் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் கேட்டதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இடுப்புப் பொட்டலம் கோயில் வேப்பமரத்தடிக்குப் போகும். அதையும் பிரிக்காமல்தான்.

எனக்கு இது முதல்முதலில் தெரிந்தது வேலை தேடிய காலத்தில். சென்னையில் ஒரு கம்பெனியும் இங்கேயே ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியும் ஒரே சமயத்தில் கூப்பிட்டிருந்தன. நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அத்தை வந்தாள்.

"மருமவனே, உனக்காகப் பூ போட்டுட்டு வந்தேன்."

"இன்னா வந்துச்சு?"

"தெரியாது."

"பிரிச்சுப் பாக்கலையா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு அத்தே போட்ட?"

"கேக்கணும் இல்ல?"

"கேட்டா பதில் வேணாமா?"

"பதில்தான் சொல்லிட்டாளே. இதோ கீதே" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "சொன்னதை அவ பாத்துப்பா. நீ உன் வேலையப் பாரு."

நான் சென்னை வெயிலுக்குப் பயந்து இங்கேயே சேர்ந்தேன். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, அவ நடத்தி வெச்சுட்டா!" என்றாள். சென்னைக்குப் போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் குடும்பத்தில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஆள் அவள்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏன் பிரிப்பதில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். மாமா கதை இது: "எங்க கல்யாணத்துக்குப் பூ போட்டா. பிரிச்சிருந்தா செவப்புதான். பயந்துகிட்டு இடுப்புல சொருகிக்கினா. அன்னிலேந்து பழக்கமாயிடுச்சு." என் அப்பா வேறு மாதிரி சொல்வார். அத்தை எட்டாவது படிக்கும்போது மேலே படிக்க வைக்கலாமா என்று வீட்டில் பூ கேட்டார்களாம். சிவப்பு வந்ததாம். அத்தோடு படிப்பு நின்றதாம். அப்போதிலிருந்து அவளுக்குப் பிரிப்பது என்றாலே ஆகாது. நான் அத்தையிடமே இரண்டையும் சொல்லி எது நிஜம் என்று கேட்டேன். மாமா கதைக்கு "ஆமா, அதுவும்தான்" என்றாள். அப்பா கதைக்கும் "ஆமா, அதுவும்தான்" என்றாள். இந்தப் பெண்மணியிடம் என்னத்தைப் பேசுவது?

இன்னொரு தடவை, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதே தெருவில் ஒரு வீடும் அடுகோடியில் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு வீடும் அமைந்தன. அடுகோடி என்றால் அவளுக்கு நடந்து போகிற தூரம், பஸ்ஸில் இடிபட வேண்டியதில்லை. பூ போட்டாள். வெள்ளை வந்தால் அடுகோடி. வழக்கம்போல் பிரிக்கவில்லை. இரண்டு வீட்டையும் போய்ப் பார்த்தாள். அதே தெரு வீட்டுச் சமையலறையில் ஜன்னல் இருந்தது, அடுகோடி வீட்டில் இல்லை. ஜன்னல் வீட்டையே பிடித்தாள்.

"அப்ப ஜன்னல்தான முடிவு பண்ணுச்சு? பூ எதுக்கு?" என்றேன்.

"பூ அது பாட்டுக்கு கீது. அதை ஏன் வம்புக்கு இழுக்குற?"

நான் சாஃப்ட்வேரில் டெஸ்டிங் செய்கிறவன். ஒரு பட்டன் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால், அழுத்திப் பார்க்காமல் நம்பமாட்டேன். அத்தைக்கு அதில் பெருமை. "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதாண்டா. நீயும் பட்டனை அழுத்தற, நானும் பட்டனை இழுக்கறேன்" என்பாள். ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேரில் ஒருத்தி எப்படி இப்படி இருக்க முடியும் என்பதுதான் எனக்கு விளங்காதது. எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டாள் என்று சொல்லலாம் என்றால், ஜன்னல் பார்த்து வீடு பிடித்தவள் அவள். தானே முடிவு பண்ணுகிறாள் என்று சொல்லலாம் என்றால், கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஆனால் அப்படி நிற்கிறவர்களுக்கு இருக்கும் தடுமாற்றம் அவளிடம் இல்லை. அது முழுக்க எனக்குத்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் மாமா மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில், வண்டியிலேயே சாய்ந்துவிட்டார். கூட ஓட்டுகிறவர்கள் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது அத்தை வராண்டாவில் நின்றிருந்தாள். அவள் பெண் கலா அழுதுகொண்டிருந்தாள். மாமாவின் அண்ணன், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், சுவரில் சாய்ந்திருந்தார்.

டாக்டர் பொறுமையானவர்தான். பாதி கன்னடமும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னார். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி உண்டு. பிழைத்தாலும் கை, கால், பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. செய்யாவிட்டால் ரத்தம் தானாக வற்றவும் கூடும், வற்றாமல் உயிர் போகவும் கூடும். "நீவே டிசைட் மாட்பேக்கு அம்மா. சீக்கிரம் சொல்லுங்க" என்றார் அத்தையைப் பார்த்து. முடிவு அவள் தலையில்.

"பண்ணிடலாம்மா. எனக்கு அப்பா வேணும்" என்றாள் கலா.

"தலையைத் திறந்தா மனுசன் மனுசனா திரும்ப மாட்டான். கட்டையா கொண்டாந்து போடுவாங்க. போறதா இருந்தா மரியாதையா போவட்டும்" என்றார் பெரியவர்.

நான் போனை எடுத்துத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரை செய்யச் சொன்னது. அடுத்தது பொறுக்கச் சொன்னது. அதற்கடுத்தது எனக்குப் புரியவே இல்லை. ஒவ்வொன்றைப் படித்ததும் அதுதான் சரி என்று தோன்றியது. அத்தை என் தோளைத் தொட்டாள்.

"வா மருமவனே, கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்."

எனக்கு வந்த கோபத்தில் வராண்டா என்றும் பார்க்கவில்லை. "அத்தே, மாமா உசுரு! இதுலயுமா பூ?" என்று கத்திவிட்டேன்.

"நீ அதுல கேட்ட இல்ல?" என்று போனைக் காட்டினாள். "நான் அங்க கேக்குறேன். டயமாவுது, வா."

பூசாரி நடை சாத்தப் போகிற நேரம். விஷயத்தைக் கேட்டதும் பூ எடுத்துக் கொடுத்தார். விபூதி மடிக்க அவர் வைத்திருந்த செய்தித்தாள் துண்டுகளில் இரண்டை அத்தை எடுத்து மடித்தாள். பூசாரி குலுக்கி வைத்தார்.

"எடு" என்றாள் என்னிடம்.

"நானா? நான் எடுக்க மாட்டேன்."

"நீதான் நம்பறதில்லையே. உன் கையில ஓரவஞ்சனை இருக்காது. எடு."

எடுத்தேன். எது கிட்டே இருந்ததோ அது. அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்றதைப் பூசாரி கூடையில் போடத் தயங்கினார். "இன்னிக்காச்சும் பிரிம்மா. உசுரு விஷயம்" என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். அவள் கூடையைக் கையால் காட்டினாள். போட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் கெஞ்சினேன். நம்பிக்கை இல்லாதவன் கெஞ்சுகிறானே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. "பிரி அத்தே. கேட்டாச்சு, எடுத்தாச்சு. பிரிச்சா தெரிஞ்சுடும்ல?"

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். "வெள்ளையா இருந்து, ஆபரேஷன் பண்ணி, அவர் போயிட்டாருன்னு வெச்சுக்க. யார் மேல கோவப்படுவேன்? அவ மேல. செவப்பா இருந்து, பண்ணாம விட்டு, அவர் போயிட்டா? அப்பவும் அவ மேலதான். அவளோட எனக்கு எதுக்குடா சண்டை? நாளைக்கு இன்னொண்ணுன்னா அவகிட்டதான போய் நிக்கணும்?"

"அப்ப இப்ப இன்னா பண்ணப் போற?"

"எனக்கு அவர் வேணும்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குள் போனதும் நேராக டாக்டரிடம் நடந்தாள். "ஆபரேஷன் மாடிபிடி சார். செஞ்சுடுங்க" என்று இரண்டு பாஷையிலும் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பெரியவர் ஓடி வந்து, "பூ இன்னா சொல்லுச்சு?" என்றார். "அவளுக்குத் தெரியும்" என்றாள் அத்தை. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பூனையை மடியில கட்டிக்கினு சகுனம் பாத்த கதையா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் சுவரில் சாய்ந்தார். அந்த நிமிஷம் நானும் அவர் கட்சிதான்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் மாமாவை ஒருமுறை பார்க்க அத்தையை விட்டார்கள். மேலே அங்கி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவள் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "கீழ வெக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவுக்குள் போனாள்.

அது என் உள்ளங்கையில் இருந்தது. கனமே இல்லை. மேல்மடிப்பில் ஏதோ கல்யாண மண்டப விளம்பரத்தின் பாதி தெரிந்தது. ஒரு மடிப்பை விரலால் நெம்பினால் போதும். பார்த்துவிட்டு மறுபடி மடித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அதுவும், எதையும் அழுத்திப் பார்க்காமல் நம்பாத என்னிடம் போய்க் கொடுத்திருக்கிறாள்.

என்னால் முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பயமாக இருந்தது. சிவப்பாக இருந்தால் நான் என்ன செய்வேன்? ஓடிப்போய் ஆபரேஷனை நிறுத்தச் சொல்வேனா? ஒரு அரளிப் பூவைக் காட்டியா? வெள்ளையாக இருந்தால் அப்பாடா என்று மூச்சு விடுவேனா? விட்டால் அப்புறம் நான் யார்? வெறும் காகிதம், வெறும் பூ என்று இத்தனை வருஷம் சிரித்தவனுக்குக் கை ஏன் வியர்க்க வேண்டும்? நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை, இது என்ன ஜென்மம் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. கதவு திறந்து அத்தை வந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். பிரித்தாயா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

மாமா பிழைத்துக்கொண்டார்.

எல்லாரும் கும்பிட்டோம், அழுதோம். பெரியவர்கூட அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்த மாமா வேறு ஆள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது எல்லாம் புரிந்தது, பதிலுக்கு ஒரு முனகல்தான் வந்தது. ஊரெல்லாம் சுற்றி, சிக்னலுக்குச் சிக்னல் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த மனுஷன். அத்தை வேலையை விட்டுவிட்டாள். துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, கேழ்வரகுக் கூழ் கரைத்து ஊட்டி, சட்டை மாட்டிப் பொத்தானை இழுத்துப் பார்த்துப் போட்டுவிட்டாள். பார்க்க வந்தவர்கள் வெளியே போய் மெல்லப் பேசினார்கள். சிவப்பாகத்தான் இருந்திருக்கும், பிரித்துப் பார்த்திருந்தால் அந்த ஆள் இந்தக் கஷ்டம் இல்லாமல் போயிருப்பார் என்று. அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. சில நாள் எனக்கும் அப்படித் தோன்றியது. சில நாள், கலா பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது மாமாவின் கண் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, வெள்ளைதான் என்று தோன்றியது. அந்தப் பூவை எடுத்த கை என்னுடையது என்பதால் இரண்டு நினைப்பும் என்னைச் சும்மா விடவில்லை.

அத்தையிடம் கேட்டால், "அவ பாத்துப்பா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவள் உடைந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது சாமியார் மாதிரி ஒரு தெளிவு வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. துணி துவைத்தாள், கூழ் காய்ச்சினாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது வாசலிலேயே சத்தம் கேட்டது. அத்தையின் குரல்தான். பக்கத்து வீட்டோடு தண்ணீர்ச் சண்டை போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். தரையெல்லாம் கூழ். கிண்ணம் ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. மாமா இடது கையால் தட்டிவிட்டிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்தபடி தேம்பிக்கொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. கையில் துடைக்கிற துணியோடு, சுவரில் இருந்த மாரியம்மன் படத்துக்கு நேராக நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"கேட்டேனா இல்லியா உன்னை? அங்க வந்து நின்னு கேட்டேனா இல்லியா? பிரிக்கலன்னா உனக்கு வாயில்லியா? ஒரு கனவு குடுக்கக் கூடாது? ஒரு பல்லி கத்தக் கூடாது? வேணான்டின்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? அந்த மனுசன் அழுவுறாருடி! பாருடி!"

இந்தச் சண்டை வரக்கூடாது என்றுதானே அன்றைக்கு அவ்வளவு பாடுபட்டாள்? அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "வந்தியா" என்றாள். வழுக்கிவிடும் என்று நான் நிற்கிற இடத்தில் குனிந்து துடைத்தாள். நிமிர்ந்தவள் அப்படியே என் எதிரில் நின்றாள். இவ்வளவு கிட்டத்தில் நின்றும் அன்றைக்கு என் சட்டையைத் தொடவில்லை.

"நீ சொல்லு மருமவனே. நீ படிச்சவன். நான் அன்னிக்குச் செஞ்சது சரியா, தப்பா?"

மனுஷர்கள் யாரிடமும் அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தேம்புவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பதில் வேண்டியிருந்தது. அவர் உயிரைப் பற்றித்தானே கேள்வி. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நான் வாயைத் திறந்தேன்.

சட்டென்று அத்தையின் கை வந்து என் வாயை மூடியது. ஈரமான கை, கேழ்வரகு வாசனை.

"வேணாம். சொல்லாத" என்றாள். "கேட்டுட்டேன் இல்ல, போதும்."

கையை உடனே எடுக்கவில்லை. கட்டிலில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவள் விட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.